பத்துச் சென்ரிமீற்றர்

ஒலுமடுக் காட்டில் எனக்குத் தந்த கீற்று
ஒரு மீற்றர் அகலம்.
முழங்காலில் நின்று பற்றையைக் கத்தரி,
சருகை எடு, கருவியை வீசு, காது கொடு,
பிறகு ஒரு சாண் முன்னே.
என் ஆள் நீளம் போனால் அது நல்ல நாள்.

ஐப்பசி முதல் மழைக்கு மூன்றாம் காலை
வீரை மரத்தடியில் அது நின்றது.
இலையில்லை.
மண்ணிலிருந்து நேரே ஒரு தண்டு,
நுனியில் வெளிறிய பச்சையாய் ஒரு பூ,
உதட்டில் ஊதா நரம்பு.
காது மந்தமானவர் கேட்கக் குனிவதுபோல்
குனிந்திருந்தது.

தேத்தண்ணி நேரம் சொன்னேன்.
"ஓரிலைத்தாமரை" என்றாள் யோகமலர்.
"பூ முதல்ல வரும், செத்துப்போகும்.
பிறகுதான் இலை. அதுவும் ஒண்டே ஒண்டு.
ரெண்டும் ஒருநாளும் முகம் பார்க்கிறேல்லை."
அவளின் பெரியப்பா அந்த இலையைக் கசக்கி
சிவந்த கண்ணுக்குச் சாறு விடுவாராம்.
"கண்ணுக்கோ? விசரே, காய்ச்சலுக்கு!"
திரேசம்மா மடுப் பக்கம்;
அங்கே கிழங்கை உரைத்து மூன்று நாள், வெறும் வயிற்றில்.
தனபாக்கியம் இரண்டையும் மறுத்தாள்:
நெடுங்கேணியில் அது பிள்ளை பெற்றவளுக்கு,
பால் சுரக்க.
மூவரும் சண்டை பிடித்தார்கள்.
மூவரும் பூவைக் கண்டதில்லை.

மருந்தெல்லாம் இலையில், கிழங்கில்.
பூவுக்கு ஒரு வேலையும் இல்லை,
இலை வரும்வரை நின்று
"இதுதான்" என்று காட்டக்கூட.

"எப்பிடித் தப்பினது?" என்றாள் திரேசம்மா.
மற்றக் காடுகளைக் கிண்டி
உரப்பையில் கட்டி, கிலோக் கணக்கில் கொண்டுபோய்விட்டார்கள்.
இங்கேதான் இத்தனை வருசம் யாரும் கால் வைக்கவில்லை.
சிவப்புப் பலகையில் மண்டையோடு காவல்.
அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.
தேத்தண்ணி ஆறிப்போனது.

பூவை விட்டுச் சுற்றிக் கத்தரித்தேன்.
அது விதிக்குப் புறம்பு.
கருவியை வீசினேன். கத்தியது.
ஒரு கை தள்ளிச் சரிவாய்க் கிண்டினேன்.
முதலில் வந்தது கிழங்கு:
வெள்ளை, சுண்டைக்காய் பருமன், மண் ஒட்டாத தோல்.
அதன் கீழே
சேலைன் போத்தலின் அலுமினிய மூடி.

இந்த மரத்தடியில் யாரையோ கிடத்தியிருக்கலாம்.
வெள்ளத்தில் உருண்டும் வந்திருக்கலாம்.
படிவத்தில் எழுதினேன்:
உலோகம் ஒன்று. ஆபத்தற்றது.
பூவுக்குக் கட்டம் இல்லை.
கிழங்கை அதன் ஆழத்திலேயே வைத்து
உள்ளங்கையால் மண்ணை அமத்தினேன்.

மார்கழியில் பலகைகளைக் கழற்றினோம்.
நிலம் கைமாறிய அன்று
யோகமலருக்கு இரண்டு கண்ணும் செக்கச்செவேல்,
வேர்வையும் முகக்கவசமும் செய்த வேலை.
இடத்தைக் காட்டினேன்.
ஒற்றை இலை, மடிப்பு மடிப்பாய்,
தரையோடு விரிந்து கிடந்தது.
கை நீட்டியவள் எடுத்துக்கொண்டாள்.
"ஒண்டு நிண்டால் தொடக்கூடாது.
ரெண்டு நிண்டால் ஒண்டைக் கேக்கலாம்."

மற்றதைத் தேடினோம்,
சருகை ஒரு சாண் ஒரு சாணாய் விலக்கி.
நடக்கலாம் என்று கையெழுத்து வைத்தவர்கள் நாங்களே.
ஆனாலும் முழங்காலில்.

கிடைக்கவில்லை.
மத்தியானம் மாங்குளம் பஸ்ஸில் ஏறி
ஆஸ்பத்திரியில் துளிமருந்து வாங்கப் போனாள்.