மூன்று புள்ளி

ஜபல்பூர் ஏலத்தில் எடுத்த ஸ்டாலியன்
ஏழு நாள் ஓடி வந்து
லிங்கராஜபுரம் மேம்பாலத்தடியில் மூச்சு வாங்கி நின்றது.
பச்சையை முதலில் சுரண்டு என்றார் ஆர்.டி.ஓ. ஏஜென்ட்,
பட்டாளத்து நிறத்தில் சிவில் வண்டி ஓடக்கூடாது.
சுரண்டினோம், இம்தியாசும் நானும்.
பச்சைக்குக் கீழே இன்னொரு பச்சை.
அதற்கும் கீழே மணல் நிறம்.
சேஸிஸைச் சுத்தியலால் தட்டினால்
பொலபொலவென்று மண்,
ரவை போல வெளுத்தது கொஞ்சம்,
செங்கல் தூள் போலக் கொஞ்சம்.
எந்த எல்லை என்று வண்டி சொல்லவில்லை.
கூட்டி அள்ளி
பக்கத்துக் கட்டடத்துக் கலவையில் கொட்டினான் இம்தியாஸ்.

வசுமதி ஹெப்பார் வரைபடத்தோடு வந்தார்.
ஓடும்போது ஏழரை அடி அகலம்.
நின்றால், இந்தப் பக்கம் மூன்றடி அந்தப் பக்கம் மூன்றடி
இழுப்பறை மாதிரி வெளியே வரவேண்டும் வீடு.
வலது இழுப்பில் சமையல் மேடை, அவருடைய புத்தகங்கள்.
இடது இழுப்பில் நீளமாக ஒரு திவான்.
"ஆறடி ஒண்ணு இருப்பார், காலை மடக்கவே மாட்டார்"
என்று டேப்பைப் பார்த்துச் சிரித்தார்.

விளக்கினேன்.
இந்த வண்டி பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும் மேடம்.
முன் சக்கரம் பாறையில், பின் சக்கரம் குழியில் என்றால்
சேஸிஸ், பிழிகிற வேட்டி.
வளைவதால்தான் இத்தனை வருஷம் உடையவில்லை.
பெட்டி வளையாது.
நாலு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால்
முதல் மலையில் கதவு திறக்காது,
இரண்டாவதில் சுவர் கிழியும்.
அதனால் மூன்று புள்ளி.
பின்னால் இரண்டு, முன்னால் நடுவே ஒரே ஒரு சுழல் முளை.
கீழே என்ன நடந்தாலும்
மேலே தம்ளரில் டீ மட்டமாக நிற்கும்.
நாலாவது வேண்டாமா என்று மறுபடி கேட்டார்.
முக்காலி ஆடாது மேடம்,
ஆடுவதெல்லாம் நாற்காலிதான்.

இரண்டு பக்கமும் வெட்டி, ரெயில் பொருத்தி
ஒரு ராத்திரி இழுத்துப் பார்த்தோம்.
வலது, ரோசலின் டீச்சர் ஜன்னல் கம்பியில் இடித்தது.
இடது, டிரான்ஸ்பார்மர் வேலியில்.
என் வீடு மொத்தமே பத்துக்குப் பன்னிரண்டு.
அதற்கும் ஒரு மோட்டார் வைத்து இழுத்தால்
நேராக டீச்சரின் கட்டிலில் போய் முட்டும்.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் மெசேஜ் வந்தது.
"இடது பக்கம் வேண்டாம்..."
மூன்று புள்ளியோடு.
போன் செய்தேன்.
எடை சரியாக வருமா என்று மட்டும் கேட்டார்.
வராது.
ஒரு பக்கம் மட்டும் நீண்டால் வண்டி சாயும்.
திவானுக்கும் அதில் படுப்பவருக்கும் ஈடாக
அந்த இடத்தில் நானூறு கிலோ வேண்டும்.
யோசித்து, முன்னூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தேன்.
மிச்சத்துக்கு பேட்டரிகள்.
நிரப்பியே ஓட்டுங்க மேடம்,
காலியானால் வலது இழுக்கும்.
"சரி" என்றார். பிறகு,
"எத்தனை நாளைக்கு வரும், ஒரு ஆளுக்கு?"
பத்து நாள் என்றேன்.
குளிக்காமல் என்றால் இன்னும்.

வெட்டிய ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து
நாலு பக்கமும் வெல்டிங், அதன் மேல் பட்டி,
அதன் மேல் மூன்று கை வெள்ளை.
வேலியோடு ஒட்டி நிறுத்தினால்
வலது பக்கம் இப்போது தாராளமாகத் திறந்தது.
உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
டீச்சர் வீட்டு ரேடியோ கேட்டது.
இறங்கும்போது இடது சுவரைத் தடவி
"தெரியுதா?" என்றார்.
தெரியாது மேடம்.

அன்றிரவு நல்ல மழை.
விடிந்ததும் துடைக்கப் போனேன்.
வெயிலில் சுவர் முழுக்கக் காய்ந்திருந்தது,
ஆறேகாலடிக்கு நாலடி
ஒரு கட்டம் மட்டும்
மெல்லிய ஈரக்கோடாக நின்றது.
கிரைண்டரை எடுக்கவா என்றான் இம்தியாஸ்.
ஒன்பது மணிக்கு அவர் வருவதாக இருந்தது.
மணி எட்டு ஐம்பது.
துணியை அவனிடமிருந்து வாங்கி
அந்தக் கோட்டின் மேலேயே
திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.