முழங்கால் உயரம்

மம்மத் லேக்ஸில், குதிரைலாட ஏரிக்கரையில்
பைன் மரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன.
தீ இல்லை, வண்டு இல்லை.
வேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கந்தகம் நாறும் என்று
கைக்குட்டையெல்லாம் எடுத்து வந்தேன்.
இந்த எரிமலைக்கு வாசனை கிடையாது.
புகை கிடையாது.
மண்ணின் பொடித்துளைகள் வழியே
சத்தம் போடாமல் விட்டுக்கொண்டிருக்கிறது.

என்னோடு அளக்க வந்த ரெனாட்டா
சிகரெட்டை விட்டு ஏழு மாதம்.
லைட்டரை மட்டும் விடவில்லை.
பனிக்குழி ஓரம் குப்புறப் படுத்து
கையை நீட்டி இறக்குகிறாள்:
விளிம்பில் சுடர்,
ஒரு சாண் கீழே சுடர்,
இன்னும் ஒரு சாண்,
யாரோ கிள்ளி எடுத்துக்கொண்டார்கள்.

மீட்டர் சொன்ன எண்ணை எழுதினேன்.
குழியின் ஆழம்: முழங்கால் உயரம்.
பக்கத்தில், வராத ஒரு நாயின் உயரத்தை
எதற்கோ எழுதி, அடித்தேன்.

திரும்பும்போது ஷூ லேஸ் அவிழ்ந்தது.
குனியப் போனவள் நிமிர்ந்துகொண்டேன்.
பனியில் அது கோடு இழுக்க இழுக்க
வண்டி வரைக்கும் நடந்தேன்.
ரெனாட்டா சிரித்தாள்.

கதவைச் சாத்தியதும்,
வெளியே மைனஸ் ஒன்பது,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்
கண்ணாடியை இறக்கினோம்.