குறிப்புக் கட்டம்

சஸ்கட்டூன். மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயரைச் சுவரில் செருகிவிட்டு
நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்குகிறேன்.
கதவுக்கு உள்ளே இருபத்திரண்டு பாகை,
மரத்தூள் வாசம்,
நாற்பது கூடுகள்.

நானூற்றுப் பதினேழாம் சுண்டெலி
தராசில் ஏற மறுப்பதில்லை.
ஏற்றினால் இறங்க முடிவதுமில்லை.
ஐம்பத்தெட்டுக் கிராம்.
பக்கத்துக் கூட்டில் அதன் தங்கை
இருபத்தொன்று.
ஒரே தாய், ஒரே தீன், ஒரே விளக்கு.

கொழுப்பு, தான் இருக்கிறேன் என்று
மூளைக்குச் சொல்லி அனுப்பும்.
அந்தத் தூதுக்குப் பெயர் லெப்டின்.
இதன் இரத்தத்தில் அது வழிகிறது.
மூளையின் அடியில்
அதைக் கேட்கவேண்டிய ஏற்பிதான்
பிறப்பிலேயே பழுது.
செவிடன் காதில் ஊதிய சங்கு
என்று எங்கள் பக்கம் சொல்வார்களே,
அது.
ஊசியால் லெப்டினைக் கூட்டியும் பார்த்தார்கள்:
சங்கை இன்னும் கிட்டப் பிடித்து ஊதினார்கள்.
ஒரு கிராமும் குறையவில்லை.

உடம்பில் அறுவடை,
மூளையில் பஞ்சம்.
அது தின்பதைப் பார்த்திருக்கிறேன்.
ருசித்து அல்ல.
நிவாரண வரிசையில் கடைசியாய் நின்றவள்
மாப்பையை நெஞ்சோடு அணைப்பதுபோல
உருண்டையை
முன்னங்கால் இரண்டாலும் இறுக்கி.

போன கோடை, ஸ்கார்பரோவில் ஒரு கலியாணம்.
இரண்டாவது வடையை நான் எடுத்தபோது
மச்சாள் சிரித்தா:
"வாயைக் கட்டினால் போதும், சுபத்திரா."

போதும்.
அந்தச் சொல்லைத்தான் மச்சாள்
என் தலைக்குள் ஒருவரும்
எடுத்துத் தருவதில்லை.

என் இரத்தத்தை யாரும் சோதித்ததில்லை.
என் ஏற்பிகள் நன்றாகவே இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
மச்சாளுக்கும் தெரியாது.

இன்றைய பதிவேட்டில்
புதுப் பொடியன் டைலர்
வழக்கமாய் வெறுமையாகக் கிடக்கும்
குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறான்:
பெருந்தீனி. சோம்பல்.

அழிக்கக்கூடாது, விதி.
குறுக்கே ஒற்றைக் கோடு,
பக்கத்தில் என் முதலெழுத்து, திகதி.
மேலே தமிழில் எழுதினேன்:
பசி.
கணக்காய்வுக்கு வருகிறவர் கேட்டால்
அப்போது பார்க்கலாம்.

வெளியே இன்னும் விடியவில்லை.
வயரைக் கழற்றி, எஞ்சினை முடுக்கி,
அது சூடாகும்வரை
மடியில் பெட்டியைத் திறந்து
பாணும் சம்பலும் சாப்பிடுகிறேன்.
கண்ணாடியெல்லாம்
என் மூச்சு படிந்து வெளுக்கிறது.
துணுக்கும் மிச்சமில்லை.