கண் தடம்

கிளிநொச்சி, ஏ9 வீதி, புதிதாய்த் திறந்த சுப்பர்மார்க்கெட்.
தவநாயகியக்காவுக்கு ஆய்வுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன்.
அவ பார்க்குமிடமெல்லாம்
என் டப்லெட்டில் சிவப்பாய்ப் பூக்கும்.

"இதில கையெழுத்து ஏன் பிள்ளை?
எங்க போகும்?"
"சேர்வருக்கு, அக்கா."
"அது ஆற்றை ஆள்?"

ஷாம்பு அடுக்கில் அரை நொடி.
பால்மா விலையில் கொஞ்சம் நின்றது.
மிச்சமெல்லாம் வாசல்,
பின்கதவு,
கூரைக் கமரா,
காவலாளி காற்சட்டைப் பைக்குள் விட்ட கை,
திரும்பவும் வாசல்.

தரவுப் பிழை என்று எழுதப்போனேன்.
பரீட்சித்துப் பார்க்க நான் மாட்டிய அன்றும்
இதே படம்தான் வந்தது.
ஒருவரும் காணமுன் அழித்துவிட்டிருந்தேன்.

அக்காவினதை அழிக்க உரிமையில்லை,
அனுப்பினேன்.

மறுநாள் கொழும்பிலிருந்து மின்னஞ்சல்:
மிகப் பயனுள்ள முடிவு.
சலுகைப் பலகையை
வாசலுக்கு மாற்றுங்கள்.