புள்ளி இல்லாத வில்லை

அக்கூரேரியில் நவம்பர்.
பத்தரைக்கு விடிந்து
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர்.
ஆய்வகத்தில் ஸ்வான்ஹில்டுர்
ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிமேல் இழுக்கிறாள்.
சாயம். கழுவல். காய வைத்தல்.

படிவத்தில் இருப்பது இவ்வளவுதான்:
ஹால்கிரிமுர், ஐம்பத்தாறு வயது,
மண்ணீரல் அகற்றப்பட்டவர்.
பன்னிரண்டு வருடங்களுக்கு முன்
மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய செப்டம்பரில்
அவருடைய சொந்தக் குதிரையே
இடது விலாவில் உதைத்தது.

மண்ணீரல் ஒரு கறாரான சுங்கக்காரி.
எலும்புக்குள் பிறந்து வரும் சிவப்பணு
உட்கருவின் கடைசித் துணுக்கை
மடியில் முடிந்துகொண்டு வரும்.
ஊசிக்காதுபோன்ற இடுக்கில் அதை நுழையச் செய்து
துணுக்கை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டு
போ என்பாள்.
அவள் போய்விட்டால்
முடிச்சோடு திரியும் அணுக்கள்,
ஆளுக்கொரு கரும்புள்ளி.

அந்தப் புள்ளியைத்தான் தேடுகிறாள்.
நூறு. ஐந்நூறு. இரண்டாயிரம்.
ஒன்றுகூட இல்லை.

குழாய் மாறிவிட்டதா?
பெயர், பிறந்த நாள், பட்டைக்கோடு
எல்லாம் சரி.
இன்னொரு வில்லை. அதிலும் இல்லை.

நிலவறை இழுப்பறையைக் குடைந்து
பழைய வில்லையைக் கண்டுபிடித்தாள்,
அறுவைக்கு நான்கு மாதம் கழித்து எடுத்தது.
சாயம் வெளுத்திருந்தாலும்
எள் சிந்திய மாவு மாதிரி
புலம் முழுக்கப் புள்ளி.

அன்று இருந்தது, இன்று இல்லை.
காப்பி ஆறிப்போனது.

பிறகு மாடியில் இருக்கும் வேறு நுண்ணோக்கி.
அதில் பார்த்தால் அணுக்களின் தோலில்
அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரியும்.
மண்ணீரல் இல்லாதவருக்கு
நூற்றுக்கு இருபது, முப்பது, அதற்கும் மேல்.
இவருக்கு மூன்று.

ஆக, உடைந்த அன்று
வயிற்றுக்குள் சிதறியவை
சும்மா கிடக்கவில்லை.
குடல்மடிப்பில் ஒன்று, உதரவிதானத்தடியில் ஒன்று
என்று எங்கெங்கோ ஒட்டி
ரத்தம் குடித்து
வேர்விட்டிருக்கின்றன.
அவள் மொழியில் அதற்கு மில்தா என்று பெயர்,
மண் இல்லாத சொல்.
என் மொழிக்கு முன்பே தெரிந்திருக்கிறது
அதை விதைக்கலாம் என்று.

அறிக்கையில் அவள் அப்படியெல்லாம் எழுதவில்லை.
'மண்ணீரல் திசு எஞ்சி இயங்குவதாகத் தெரிகிறது.
படம் எடுத்து உறுதிசெய்யவும்.
துப்புரவு நடக்கிறது என்பதாலேயே
காவலும் இருக்கிறது என்று கொள்ள வேண்டாம்.
தடுப்பூசி தொடரட்டும்.
காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது.'
கடைசி வரியை அடித்து
மறுபடி அதையே எழுதினாள்.

மருத்துவர் தொலைபேசியில் சொன்னபோது
ஹால்கிரிமுர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் காற்று, ஒரு கதவு அடித்துக்கொள்ளும் சத்தம்.
'குதிரை இன்னும் இருக்கிறது' என்றார்.
'கிழடு. பல் போய்விட்டது.
வைக்கோலை ஊறவைத்துக் கொடுக்கிறேன்.'

அதற்கு என்ன சொல்வது என்று
மருத்துவருக்குத் தெரியவில்லை.