பள்ளத்துக் கணக்கு

விற்கும்போது லூமுட் பல்டாக்டர் சொன்னார்:
"உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும், அவ்வளவுதான்."
சொத்தைப் பல்லைப் பற்றியும்
இப்படித்தான் சொல்வாராயிருக்கும்.

இருபத்துநான்கு அடி. என்னைவிட மூன்று வயது மூத்தது.
பாகான் டத்தோவில், கொப்பரைக் கிட்டங்கிக்குப் பின்னால்
ஆறு சேறாகும் இடத்தில் கட்டியிருக்கிறோம்.
வற்றினால் ஒருக்களித்து,
ராத்திரி ஷிப்ட் முடித்தவன் மாதிரி படுத்துக்கொள்ளும்.

இதற்காக நவநீதன் புரோட்டோனை விற்றான்.
அதைப் பற்றி நான்
இதுவரை ஒன்றும் பேசவில்லை.

நடுப்பலகையைத் தூக்க வேண்டும். ஊறி இறுகியிருக்கிறது.
அதற்கு முன் ஏணியைக் கழற்ற வேண்டும்,
அதற்கு முன் ஐஸ்பெட்டியை,
அதற்கும் முன், ஐஸ்பெட்டி மேல்
என்றைக்காவது தேவைப்படும் என்று
அவன் ஏற்றி வைத்திருக்கும் எல்லாவற்றையும்.
பலகைக்குக் கீழே எஞ்சின்.
எஞ்சினுக்குக் கீழே ஒரு கை போகிற சந்து.
அவன் கை போகாது. பாய்லரில் பதினெட்டு வருஷம், தோள் அப்படி.
என் கை போகும்.

கன்னத்தை எஞ்சினில் வைத்துக் கிடக்கிறேன்.
தோள்வரை இருட்டு.
"என்ன தெரியுது?" என்கிறான்.
தெரிவதா?
வழுவழு. பிசுபிசு. ஒரு ஸ்க்ரூ, யாரோ தேடி அலுத்தது.
ஏராவைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலை
விரல் பட்டதும் கருப்பட்டியாய் உதிர்கிறது.
"ஒன்னுமில்ல" என்கிறேன்.

பம்ப் இருக்கிறது. முனகும், இழுக்காது.
குறுக்குக் கட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துளை,
ஓர் அறையின் தண்ணீர் அடுத்த அறைக்குப் போக.
துளை முழுக்கக் கூழ்.
நோண்டி இழுத்தேன்: மத்தி டின்னில் ஒட்டியிருந்த காகிதம்,
பாதி மீன், பாதி சீன எழுத்து.
அவ்வளவுதான்,
முன்பக்கத்தில் பதுங்கியிருந்த நீரெல்லாம்
பெரட்டு மணி கேட்ட மாதிரி
சளசளவென்று பின்னால் வந்து நின்றது.

பகலில் நான் மில் எடைமேடையில் கிராணி.
லோரி குலையோடு ஏறும், வெறுமையாய் இறங்கும்.
நடுவில் உள்ளதை எழுதுவது என் வேலை.
இங்கேயும் ஒரு நோட்டு வைத்தேன்.
வெள்ளி, மூன்று வாளி.
சனி, பௌர்ணமிப் பெருக்கு, அதே மூன்று.
ஞாயிறு, மாலை முழுக்க மழை: பதினொன்று.
அவனிடம் நோட்டைக் காட்டினேன்.
"அதனால?" என்றான்.

அதனால் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
"அடியே!"
டீசல். துரு. ஊறிய காகிதம்.
உப்பு இல்லை.
ஆற்று வாயில் நிற்கிற படகு,
சுற்றிலும் உப்புக் கரிக்கிற தண்ணீர்,
உள்ளே ஒரு பொட்டு உப்பு இல்லை.
ஆறு மாதமாய் அடியைச் சந்தேகித்தோம்.
வந்தது வானத்திலிருந்து,
பாய்மரத்துக்குள் வயர் இறங்கும் வழியாக
சொட்டுச் சொட்டாய், யாரும் பார்க்காமல்.

அவன் சிரித்தான். கீழே ஓட்டை இல்லை என்பது
அவனுக்குக் கார் திரும்பக் கிடைத்த மாதிரி.
அப்போதுதான் சொன்னேன்:
"போல்ட் ஒன்னு உதிருது."
சிரிப்பு நிற்கவில்லை, மெலிந்தது.
"தெரியும்" என்றான்.
"எப்போலேர்ந்து?"
"வாங்கறதுக்கு முன்னாலேர்ந்து."

வாளிகளைத் தோட்டத்து எண்ணெய்க் குழிக்குத் தூக்கிப் போனான்.
ஒவ்வொன்றாக, ஆற்றில் கொட்டாமல்,
நான் கேட்காமலே.
மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றினேன்,
பிறகு அவன் பழைய பனியனால்,
மூலை முடுக்கெல்லாம், துணி காய்ந்தே வரும்வரை.
பள்ளம் காய்ந்திருந்தால்தான்
அடுத்த சொட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியும்.

பலகையை மூடவில்லை.
டார்ச்சை அவன் பிடிக்க
இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்.
மில் பக்கம் இடிக்கிறது.