மனு கிழிக்கும் காட்சி

எனக்குக் கிடைத்தது மாநகரசபை ஐயாவின் வேஷம்.
ஒரே வசனம்:
"தோட்டத்து ஆக்களுக்கு என்னத்துக்கடி இன்னொரு குழாய்?"
பிறகு மனுவைக் கிழிக்க வேணும்.

பிலோமினா என்றொருத்தி,
நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே குழாய் இருந்த காலத்தில்,
வெறும் வாளிகளோடு பெண்களைக் கூட்டிப்போய்
நகரமண்டப வாசலில் மூன்று நாள் குந்தியிருந்தாள்.
படம் இல்லை. பத்திரிகையில் பெயர் இல்லை.
வாளி தட்டிய சத்தம் மட்டும்
ஜிந்துப்பிட்டியில் சிலருக்கு ஞாபகம்.
நிஸ்தார் அந்தச் சத்தத்தை வைத்தே நாடகம் எழுதினான்.

ஒத்திகையில் பழைய லொத்தர் சீட்டுகளைக் கிழித்தேன்.
கை நடுங்கவில்லை.

அன்றிரவு, லொறித் தட்டு மேடையிலிருந்து
தாள் சனத்துக்குள் இறங்கிப்போனது.
எழுத்துப் பிரதியில் அது இல்லை.
திரும்பி வந்தபோது
இரண்டு மொழியில் கையெழுத்துகள், ஒரு பெருவிரல் ரேகை,
மேலே பென்சிலால்:
"ஒழுங்கைக்குள்ள கான் உடைஞ்சு எட்டு மாசம்."

கிழிக்கிற இடம் வந்தது.
பிலோமினாவாய் நின்ற மெர்லின்
வாளியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.
அவளுக்குத் தெரியாது,
பகலில் நான்
அதே சபையில் தபால் பிரிக்கிறவன்.

மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.
காட்சியைக் கெடுத்தாய் என்றான் நிஸ்தார்.

திங்கள் எட்டரைக்குப்
பதிவேட்டில் இலக்கம் போட்டு மேலே அனுப்பினேன்.
பதில் இன்னும் இல்லை.

அடுத்த ஆட்டம் மட்டக்குளியில்.
வருகிறவர்கள் வாளி கொண்டு வாருங்கள்.